நான்காவது வைராக்கியம்

நம் பெரியவர்கள் வைராக்கியத்தை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள்: பிரசவ வைராக்கியம், புராண வைராக்கியம், மயான வைராக்கியம். பிள்ளை பெறும் வேதனையில், 'இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை' என்று தோன்றுவது முதலாவது. கதை கேட்கும்போது, 'உலகமே மாயை, நாளை முதல் பற்றறுத்து வாழ வேண்டியதுதான்' என்று உருகிவிட்டு, வெளியே வந்ததும் செருப்பைக் காணோம் என்று சண்டை பிடிப்பது இரண்டாவது. சிதை எரியும்போது உண்டாகி, வீட்டுக்கு வந்து தலை முழுகியதும் தண்ணீரோடு போய்விடுவது மூன்றாவது. மூன்றுக்கும் பொதுவான லட்சணம் ஒன்றுதான், அற்ப ஆயுள்.

நான்காவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அதற்குத் தராசு வைராக்கியம் என்று பெயர் வைத்திருக்கிறேன். எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல் ஏறி நிற்கிறோம். முள் நகர்கிறது, நாம் எதிர்பார்த்த இடத்தில் நிற்காமல் மேலும் நகர்கிறது. டாக்டர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக நம்மைப் பார்க்கிறார். அந்த நிமிஷத்தில் பிறக்கிற வைராக்கியம் இருக்கிறதே, அது பட்டினத்தாரையும் வெட்கப்பட வைக்கும். 'இன்றோடு சரி, நெய் கிடையாது, இனிப்பு கிடையாது, இரவில் இரண்டே இட்லி' என்று சங்கல்பம் செய்துகொண்டு வீடு திரும்புகிறோம். மூன்றாம் நாள் மாலை, வீட்டில் பஜ்ஜி போடுகிறார்கள்.

சென்ற ஆண்டு எனக்கு மூன்றாவதும் நான்காவதும் சேர்ந்தே வந்தன. என்னோடு பள்ளியில் படித்த நண்பர் ஒருவர் ஐம்பத்து நான்கு வயதில் திடீரென்று போய்விட்டார். பருமனான மனிதர்; நானும் அப்படித்தான். இருவருமாகச் சேர்ந்து முப்பது வருஷ காலம் எத்தனையோ ஹோட்டல்களின் நெய் ரோஸ்டுகளுக்குத் தராதரம் நிர்ணயித்திருக்கிறோம். அவரைத் தூக்கிச் சென்றவர்கள் வழியில் இரண்டு முறை தோள் மாற்றினார்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அன்று செய்துகொண்ட சங்கல்பம் எத்தனை நாள் நின்றது என்று கேட்காதீர்கள். பதின்மூன்றாம் நாள் அவர் வீட்டுச் சாப்பாட்டிலேயே அது முறிந்தது. இலையில் அவருக்குப் பிடித்த அதிரசம் வைத்திருந்தார்கள்.

அதன் பிறகுதான் இந்த விஷயத்தின் சரித்திரத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். எனக்கு முன்னே இந்தப் பாதையில் நடந்தவர்கள் யார், அவர்களில் வழுக்கி விழாமல் போனவர்கள் எப்படிப் போனார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. உணவு முறைகளைப் பற்றி ஆயிரம் புத்தகங்கள் உண்டு. என் ஐயம் உணவைப் பற்றியது அல்ல. எதைத் தின்னக் கூடாது என்பது பாதி தெரிந்த சங்கதிதான். மூன்றாம் நாளை எப்படித் தாண்டுவது என்பதே கேள்வி.

முதலில் அகப்பட்டவர் லூயிஜி கொர்னாரோ என்ற வெனிஸ் நாட்டுப் பிரபு. பாடுவா நகரில் வாழ்ந்தவர். சதுப்பு நிலங்களை வடித்து விளைநிலமாக்குவதிலும் கட்டடக் கலையிலும் மிகுந்த ஈடுபாடு உள்ளவர். இளமையில் ஊணிலும் குடியிலும் அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. முப்பத்தைந்து வயதுக்கும் நாற்பதுக்கும் இடையில் வயிற்று வலி, விலா வலி, ஓயாத காய்ச்சல், தீராத தாகம் எல்லாம் சேர்ந்து வந்தன. இப்படியே போனால் சில மாதங்கள்தான் என்று வைத்தியர்கள் கையை விரித்தார்கள். மனிதர் பயந்துபோய் ஆகாரத்தைக் குறைத்தார். நாளொன்றுக்கு ரொட்டி, முட்டை மஞ்சள் கரு, இறைச்சி, சூப்பு எல்லாமாகச் சேர்த்து 12 அவுன்ஸ். திராட்சை மது 14 அவுன்ஸ். இதுதான் அவருடைய அளவு. ஒரு வருஷத்துக்குள் நோய்கள் ஓடிவிட்டன.

இது வரையில் கதையில் விசேஷம் ஒன்றும் இல்லை. பயந்தவர் யாரும் பத்தியம் இருப்பார்கள். பயம் தெளிந்த பிறகும் அவர் அந்த அளவை விடவில்லை என்பதுதான் விசேஷம். நடுவில் ஒரு முறை மட்டும் தவறினார். வயோதிக காலத்தில் இவ்வளவு குறைவாகச் சாப்பிடலாமா என்று உறவினரும் நண்பரும் மன்றாடினார்கள். நம் வீடுகளில் 'இன்னும் ஒரு கரண்டி' என்று இலையருகே நின்று கெஞ்சுகிறார்களே, அதே உபசாரம்தான். அவர் மனமிரங்கி உணவில் இரண்டு அவுன்ஸ், மதுவில் இரண்டு அவுன்ஸ் கூட்டினார். பத்து நாளில் உற்சாகம் போய்ச் சிடுசிடுப்பு வந்தது. பன்னிரண்டாம் நாள் விலாவில் வலி. பிறகு முப்பத்தைந்து நாள் காய்ச்சல். பழைய அளவுக்குத் திரும்பித்தான் பிழைத்தேன் என்று அவரே எழுதியிருக்கிறார். இரண்டு அவுன்ஸால் இத்தனையும் வந்திருக்குமா என்று இன்றைய வைத்தியர்கள் சந்தேகிக்கக் கூடும். ஆனால் அந்த அனுபவம் அவர் மனத்தில் ஒரு கோடு கிழித்துவிட்டது. அதற்குப் பிறகு யார் கெஞ்சியும் பயனில்லை.

1558-ஆம் ஆண்டு, நிதான வாழ்வைப் பற்றிய தம் நூலைப் பாடுவாவில் வெளியிட்டார். அப்போது தமக்கு வயது எண்பதுக்கு மேல் என்றார். பிறகும் அதே பொருளில் மேலும் எழுதினார். 1566-இல் காலமானார். அவர் பிறந்த ஆண்டைப் பற்றி ஆராய்ச்சியாளருக்குள் சண்டை உண்டு. கிழவர் வயதைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னார் என்கிறார்கள். கூட்டியது போகவே எண்பதுக்குக் குறையாது என்பதால், சில மாதக் கெடு வைத்த வைத்தியர்கள் தோற்றவர்களே. அந்தப் புத்தகத்தில் என் மனத்தைத் தொட்டது ஓர் இடம். குறைவாக உண்பதைத் தவமாக அவர் சொல்லவில்லை. பசித்து உண்ணும்போது வெறும் ரொட்டி கொடுக்கும் ருசியைப் பற்றிப் பேசுகிறார். பேரக் குழந்தைகளின் பாட்டைக் கேட்பதையும், குதிரையின் மேல் பிறர் உதவியின்றி ஏறுவதையும் பற்றிப் பேசுகிறார். இழந்ததை எண்ணிக்கொண்டிராமல் பெற்றதைக் கணக்குப் பார்த்தவர் அவர்.

கொர்னாரோ அளந்தது உணவை. அதே பாடுவாவில் பேராசிரியராயிருந்த சாந்தோரியோ என்ற வைத்தியர் தம்மையே அளந்தார். ஒரு நாற்காலியைப் பெரிய தராசில் தொங்கவிட்டு, அதில் உட்கார்ந்து உண்டார். சாப்பாட்டுக்கு முன் எடை, பின் எடை, உறங்கி எழுந்த பின் எடை என்று முப்பது வருஷ காலம் குறித்து வைத்தார். 1614-இல் முடிவுகளை நூலாக்கினார். எட்டு ராத்தல் உட்கொண்டால் அதில் ஐந்து ராத்தல், கண்ணுக்குப் புலப்படாத வியர்வையாகவே போய்விடுகிறது என்று கண்டார். கணக்கு இன்றைக்குச் சரிப்படாது. ஆனால் அந்த நாற்காலியின் தந்திரம் எனக்குப் பிடித்திருக்கிறது. வேண்டிய அளவு உண்டதும் அது தானாகக் கொஞ்சம் கீழே இறங்கிவிடும். 'போதும், எழுந்திரு' என்று மனைவி சொல்லலாம், டாக்டர் சொல்லலாம். நாற்காலியே சொன்னால் யாரோடு சண்டை பிடிப்பது?

அடுத்தவர் ஜார்ஜ் சேய்ன். இவர் கதையில்தான் நான் என்னைக் கண்டேன். ஸ்காட்லாந்துக்காரர், வைத்தியம் படித்துவிட்டு, 1700-ஐ அடுத்த ஆண்டுகளில் லண்டனுக்கு வந்தார். அந்தக் காலத்து லண்டனில் நோயாளிகளைச் சம்பாதிக்க வேண்டுமானால் மதுக்கடைகளில் நாலு பேரோடு கூடிச் சிரித்துப் பேசி உண்டு குடிக்க வேண்டும். சேய்ன் தொழில் சிரத்தையோடு உண்டார். தேகம் பெருத்தது; மூச்சு வாங்கியது; தலை சுற்றியது. படுக்கையில் விழுந்ததும், கூட இருந்து கும்மாளம் போட்ட நண்பர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். தனிமையில் பாலும் காய்கறியும் உண்டு உடம்பைக் குறைத்தார். உடம்பு குறைந்ததும் என்ன செய்தார்? நாம் செய்வதைத்தான். கொஞ்சம் இறைச்சி, கொஞ்சம் மது என்று மெல்லமெல்லப் பழைய பாதைக்கே திரும்பினார். இந்தத் தடவை தராசு 448 ராத்தலையும் தாண்டியது. நம் கணக்கில் 200 கிலோவுக்கு மேல்!

ஊருக்கெல்லாம் பத்தியம் சொல்லும் வைத்தியர், தாமே இப்படி இரண்டாம் முறை விழுந்தால் என்ன செய்வார்? மறைப்பார். சேய்ன் மறைக்கவில்லை. மறுபடியும் பாலுக்கும் காய்கறிக்கும் திரும்பி, மீண்டு வந்து, 1733-இல் வெளியிட்ட நூலில் தம் கதையையே ஒரு நோயாளியின் குறிப்பாக எழுதிச் சேர்த்தார். விழுந்ததையும் எழுதினார், எழுந்ததையும் எழுதினார். நோயாளிகள் அவரை நம்பியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். 1743-இல் எழுபதைத் தாண்டிக் காலமானார்.

அவருடைய நோயாளிகளில் ஒருவர் சாமுவேல் ரிச்சர்ட்சன். ஆங்கில நாவலுக்குத் தந்தையரில் ஒருவர். அச்சகத் தொழிலும் நாவலும் சேர்ந்து நாள் முழுவதும் நாற்காலியிலேயே உட்கார வைத்துவிட்டதால் தொந்தியும் நரம்புத் தளர்ச்சியும் வந்து அவதிப்பட்டவர். நாவலாசிரியனுக்கும் தொந்திக்கும் உள்ள சம்பந்தம் இன்று நேற்று ஏற்பட்டதல்ல என்று அறிந்து ஆறுதல் அடைந்தேன். சேய்ன் இவருக்குப் பத்து வருஷ காலம் கடிதம் எழுதினார். என்ன உண்டாய், எவ்வளவு குறைந்தாய், மனம் சோர்ந்தாயா, நானும் சோர்ந்தேன், பொறு என்கிற வகைக் கடிதங்கள். வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து குதிக்கும்படி வில் வைத்த மரக் குதிரை ஒன்றையும் சிபாரிசு செய்தார். அந்தக் கடிதங்கள் 1943-இல் புத்தகமாக வெளிவந்தன. மருந்துச் சீட்டை ஒரு தடவை எழுதினால் போதும். அந்த வைத்தியர் பத்து வருஷம் எழுதினார். வைராக்கியம் தீர்ந்துபோகும் சமயத்தில் ஒரு கடிதம் வந்து சேர்ந்தது என்பதுதான் அந்தச் சிகிச்சையின் சூட்சுமம்.

இனி நம் முக்கியப் பாத்திரத்துக்கு வருவோம். அவர் பெயர் வில்லியம் பாண்டிங். லண்டன்காரர். தொழில், சவ அடக்கம் நடத்துவது. சாமானியமான அடக்கங்கள் அல்ல. 1820-இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னரும், 1852-இல் வெலிங்டன் பிரபுவும், 1861-இல் ஆல்பர்ட் இளவரசரும் அந்தக் குடும்பத்து நிறுவனத்தாரின் கைகளாலேயே கடைசி யாத்திரை போனார்கள். மயான வைராக்கியத்துக்கு வலு இருக்குமானால், உலகத்திலேயே மிக ஒல்லியான மனிதர் பாண்டிங்காகத்தான் இருந்திருக்க வேண்டும். ஐம்பது வருஷம் சவப்பெட்டிகளுக்கு நடுவில் வாழ்ந்தவருக்கு அது உதவவில்லை.

1862 ஆகஸ்டில் அவருக்கு வயது அறுபத்தைந்தை ஒட்டி. உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். எடை 202 ராத்தல், அதாவது 92 கிலோ. குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்ட முடியவில்லை. முழங்காலுக்குப் பயந்து மாடிப்படியில் பின்புறமாக இறங்கினார். வண்டியிலும் நாடகக் கொட்டகையிலும் ஜனங்கள் செய்த பரிகாசத்துக்குக் கூசி, கூட்டமுள்ள இடங்களுக்கே போகாமலிருந்தார். அவர் முயலாமலா இருந்தார்? பரிகாரம் தேடி இருபது வருஷத்தில் இருபது தடவை சிகிச்சைக்குப் படுத்தவர் அவர். ஒரு வைத்திய நண்பர் சொற்படி, விடியற்காலையில் இரண்டு மணி நேரம் கனத்த படகில் துடுப்பு வலித்தார். தசைக்கு வலு வந்தது; கூடவே பயங்கரமான பசியும் வந்தது; பசிக்கு உண்டார்; எடை ஏறியது. துடுப்பை வைத்துவிடுங்கள் என்று அந்த நண்பரே சொல்லிவிட்டார். கடல் காற்று, குதிரைச் சவாரி, ஊற்று நீர், குடம் குடமாக மருந்து, ஐம்பது துருக்கி நீராவிக் குளியல்கள் எல்லாம் ஆயின. ஐம்பது குளியலுக்கும் சேர்த்துக் குறைந்தது ஆறே ராத்தல்!

கடைசியில் காது மந்தமாகிவிட்டது என்று வில்லியம் ஹார்வி என்ற காது வைத்தியரிடம் போனார். ரத்தோட்டத்தைக் கண்டுபிடித்த ஹார்வி அல்ல. இவர் இருநூறு வருஷம் பிந்தியவர். ஈரலில் சர்க்கரை உண்டாவதைப் பற்றிப் பாரிஸில் கிளாட் பெர்னார்ட் செய்த சொற்பொழிவுகளை ஹார்வி கேட்டிருந்தார். காதைச் சோதித்தார், கோளாறு கொழுப்பில் இருக்கிறது என்றார். ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆறையும் விடச் சொன்னார். பாண்டிங்குக்கு ஒரே திகைப்பு. இத்தனை நாளும் வாழ்க்கை என்று அவர் நினைத்திருந்ததே அந்த ஆறுதான்! ஆனால் இறைச்சியும் மீனும் காய்கறியும் பழமும் உண்டு. மாலையில் கிளாரெட்டும் உண்டு. பட்டினி இல்லை.

ஒரு வருஷத்தில், 1863 செப்டம்பருக்குள், 202 ராத்தல் 156 ஆயிற்று. இடுப்புச் சுற்றளவு பன்னிரண்டேகால் அங்குலம் சுருங்கியது. மாடிப்படியில் முகத்தை முன்னே வைத்து இறங்கினார். காதும் கேட்டது. சந்தோஷம் தாங்காமல், பருமனைப் பற்றிப் பொதுமக்களுக்கு ஒரு கடிதம் என்று சிறு புத்தகம் எழுதி, கைப்பணத்தில் ஆயிரம் பிரதி அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார். அது போதாமல் மேலும் 1,500 பிரதிகளை இலவசமாகக் கொடுத்தார். மூன்றாம் பதிப்பிலிருந்துதான் விலைக்கு விற்றது; லாபம் தர்மத்துக்குப் போயிற்று. வைத்தியப் பத்திரிகைகள், இவருக்கு ஏன் இந்த வேலை என்று சீறின. ஜனங்களோ, இளைப்பதற்காகப் பத்தியம் இருப்பதற்கே பாண்டிங் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஸ்வீடன் மொழியில் அதற்கு இன்றும் 'பாந்தா' என்றுதான் வினைச்சொல். அரசர்களைப் புதைத்தவர் பெயர், உடம்பைக் காப்பாற்றும் சொல்லாக நிலைத்துவிட்டது.

அந்தச் சிறு புத்தகத்தில் ஒரு வேடிக்கை. இளமையில் நன்மை தரும் ஆகாரம் முதுமையில் கெடுதி செய்யும் என்பதற்கு, குதிரைக்குப் போடும் அவரையை உதாரணம் காட்டுகிறார். எப்போதாவது போடலாமாம், வழக்கமாகப் போட்டால் கெடுதியாம். நாமோ 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்கிறோம். குதிரை லாயத்திலிருந்து ஞானம் பெறுவதில் இரு நாட்டாரும் ஒன்றுதான்.

அவருடைய உணவுப் பட்டியலை நான் சிபாரிசு செய்யவில்லை. அவ்வளவு இறைச்சியும் மதுவும் எல்லாருக்கும் ஏற்றதல்ல. அவரவர் டாக்டர் சொல்வதே அவரவருக்குப் பட்டியல். நான் கூர்ந்து பார்த்தது வேறொரு பட்டியலை. தேதியும் எடையுமாக ஒரு சின்ன அட்டவணை அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. ஒரு பதிவுக்கும் அடுத்த பதிவுக்கும் இடையில் சில சமயம் மூன்று ராத்தல், சில சமயம் அதற்கும் குறைவு. வேகம் ஒன்றும் இல்லை. சராசரி வாரத்துக்கு ஒரு ராத்தல் கூட இல்லை. பிற்பாடு சர்க்கரையைக் கொஞ்சம் சேர்த்துப் பார்த்து, எடை ஏறுகிறதா என்றும் சோதித்திருக்கிறார். ஏறத்தான் ஏறியது. தவறிவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொள்ளாமல், தவறினால் என்ன ஆகிறது என்று கணக்கு எழுதுகிற மனம் அது. 1878-இல், எண்பத்தோராம் வயதில் காலமானார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் தோற்பவர்களை மன உறுதியற்றவர்கள் என்று ஏசுவது வழக்கம். அது முழு நியாயமல்ல. 1944-45-இல் அமெரிக்காவில் மின்னசோட்டா சர்வகலாசாலையில் ஆன்ஸல் கீஸ் என்பவர் ஒரு சோதனை நடத்தினார். யுத்தத்தில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 வாலிபர்கள், பட்டினியால் வாடும் ஐரோப்பாவுக்கு உதவ வேண்டும் என்ற எண்ணத்தோடு தாங்களாகவே முன்வந்தார்கள். கொள்கைக்காக ஊராரின் ஏச்சையும் ஏற்றவர்கள். அவர்களை மன உறுதி இல்லாதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆறு மாதம் அரைப் பட்டினி போட்டார்கள். எடையில் கால் பங்கு போயிற்று. என்ன நடந்தது? அவர்கள் பேச்செல்லாம் சாப்பாடாயிற்று. சமையல் புத்தகங்களைச் சேகரித்துப் படித்தார்கள். சோதனை முடிந்த பிறகும் வயிறு கொள்ளாமல் உண்டார்கள். உடம்பைக் கடுமையாக ஒடுக்கினால் அது மனத்தைப் பிடித்துக்கொண்டு பழிவாங்கும் என்பது அன்று தெரிந்தது. பாண்டிங் ஜெயித்ததற்கு, அவர் பட்டினி கிடக்கவில்லை என்பதும் ஒரு காரணம்.

அதே அமெரிக்காவில், 1994-இல் ஒரு பதிவேடு தொடங்கினார்கள். குறைந்தது 30 ராத்தல் இளைத்து, ஒரு வருஷத்துக்கு மேல் அதைக் காப்பாற்றியவர்களின் பெயர்களைச் சேர்க்கும் பதிவேடு. பதினாயிரம் பேருக்கு மேல் சேர்ந்தார்கள். இளைத்த வழி ஆளுக்கு ஒன்றாக இருந்தது. காப்பாற்றிய வழியில்தான் ஒற்றுமை. நான்கில் மூன்று பேர் வாரம் ஒரு முறையாவது எடை பார்த்துக்கொள்கிறவர்கள். பெரும்பாலோர் நாள் தவறாமல் நடக்கிறவர்கள். சாந்தோரியோவின் நாற்காலியும் பாண்டிங்கின் அட்டவணையும் வேறு உருவத்தில் திரும்பி வந்திருக்கின்றன!

இத்தனையும் படித்த பிறகு எனக்குத் தோன்றியது இதுதான். வைராக்கியம் என்பது வாணம். கிளம்புவதற்கு அது வேண்டும். ஊர் போய்ச் சேர வாணத்தில் ஏற முடியாது. மாட்டு வண்டிதான் வேண்டும். கொர்னாரோவுக்கு அந்த வண்டி ஓர் அளவு. சாந்தோரியோவுக்கு ஒரு நாற்காலி. ரிச்சர்ட்சனுக்கு ஒரு கடிதம். பாண்டிங்குக்கு ஓர் அட்டவணை. நால்வரில் எவரும் தினந்தோறும் காலையில் எழுந்து புதிதாக வைராக்கியம் கொள்ளவில்லை. கொள்ளத் தேவையில்லாதபடி ஏற்பாடு செய்துகொண்டார்கள்.

நானும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். ஞாயிறுதோறும் காலையில் தேதியும் எடையும் எழுதுகிறேன். மாலையில் அந்த எண்ணை என் தங்கைக்குத் தொலைபேசியில் சொல்கிறேன். அவள் தன் எண்ணைச் சொல்கிறாள். "போகட்டும் அண்ணா, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்பதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்வதில்லை. அது போதுமானதாக இருக்கிறது. இருபத்தாறு வாரங்களில் நான்கரைக் கிலோ குறைந்திருக்கிறது. தீபாவளி வாரத்தில் ஒன்றேகால் கிலோ கூடியது. அதையும் எழுதியிருக்கிறேன், அடிக்கவில்லை.

போன மாதம் நண்பரின் வருஷாப்திகம். இலையில் அதிரசம் வைத்தார்கள். ஒன்று சாப்பிட்டேன். இரண்டாவது போட வந்தபோது கையை நீட்டி மறைத்தேன். நண்பரின் மனைவி வற்புறுத்தாமல் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, அடுத்த இலைக்குப் போனார். சாப்பிட்டு எழுந்து, வாசலுக்கு வந்து, குனிந்து செருப்பின் வாரை மாட்டினேன். சுவரைப் பிடித்துக்கொள்ளவில்லை என்பது பாதி வழி நடந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.